உப்புக் கரிக்கும் வியர்வையும் விடாத இருமலும்: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயை அறிந்துகொள்வோம்

வியாபாரத்தில் இருக்கும் நமக்கு இருமல் புதிதன்று. வற்றல் மண்டியில் மூட்டை பிரித்தாலும் இருமல், மாவு மில்லில் நின்றாலும் இருமல், சிமெண்ட் குடோனைப் பெருக்கினாலும் இருமல். தூசி அடங்கினால் இருமலும் அடங்கிவிடும் என்று நாம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் தூசிக்கும் புகைக்கும் சம்பந்தமே இல்லாத கைக்குழந்தை, பிறந்த சில மாதங்களிலிருந்தே இருமிக்கொண்டிருந்தால்? மாதம் ஒரு முறை சளி, காய்ச்சல், ஆஸ்பத்திரி என்று அலைந்தும், நன்றாகச் சாப்பிட்டும் எடை கூடாமல் இருந்தால்? அதற்குக் காரணமாக இருக்கக்கூடிய ஒரு நோயைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பது அதன் பெயர். அரிதான நோய்தான். ஆயினும் இன்ன நோய் என்று தெரியாமலே பல குழந்தைகளை நாம் இழந்து வருகிறோம் என்பதால், குடும்பத் தலைவர்களாகிய வணிகப் பெருமக்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

என்ன நோய் இது?

இது தொற்று நோயன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது. பெற்றோரிடமிருந்து வரும் ஜீன் கோளாறினால் பிறவியிலேயே அமைவது.

நம் உடம்பில் மூச்சுக்குழாய், கணையம், குடல், வியர்வைச் சுரப்பி ஆகியவற்றின் செல்களில் மிக நுண்ணிய வாசல்கள் உள்ளன. உப்பின் ஒரு பகுதியான குளோரைடு இந்த வாசல்கள் வழியாகத்தான் போய் வருகிறது. உப்பு எங்கே போகிறதோ அங்கே தண்ணீரும் போகும். மழைக்காலத்தில் கடையில் உப்பு மூட்டை நீர்த்துப் போவதைப் பார்க்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்நோயில் அந்த வாசல் சரியாக அமைவதில்லை. உப்பு வரவேண்டிய இடத்திற்கு வராததால் தண்ணீரும் வருவதில்லை. நீராக ஓட வேண்டிய சளியும் சுரப்புகளும் பாகு முற்றியது போல் கெட்டியாகி, குழாய்களை அடைத்துக்கொள்கின்றன.

கணையத்தின் குழாய் அடைபட்டால் உணவைச் செரிக்க வைக்கும் நொதிகள் குடலுக்கு வந்து சேர்வதில்லை. அதனால் சாப்பிடும் கொழுப்பு உடம்பில் ஒட்டாமல் மலத்தோடு வெளியேறிவிடுகிறது. மூச்சுக்குழாய் அடைபட்டால் நுரையீரல் கெடுகிறது. இந்நோயாளிகளின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இந்த நுரையீரல் கேடுதான்.

வெயில் காட்டிக் கொடுத்த நோய்

இந்நோயைத் தனியாகப் பிரித்து அறிந்து 1938-ல் விரிவாக எழுதியவர் டோரதி ஆண்டர்சன் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர். நியூயார்க்கில் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றியவர். இறந்த குழந்தைகளின் கணையத்தில் நீர்க்கட்டியும் தழும்பும் இருப்பதைக் கண்டார். நோயின் பெயரும் அதிலிருந்தே வந்தது.

1948 கோடையில் நியூயார்க்கில் கடும் வெயில். வெயிலில் துவண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளில் பலருக்கு இந்நோய் இருந்தது. இவர்கள் மட்டும் ஏன் இப்படித் துவண்டு போகிறார்கள் என்று பால் டி சான்ட் ஆக்னீஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்தார். இக்குழந்தைகளின் வியர்வையில் உப்பு மிக அதிகமாக வெளியேறுகிறது என்பதை 1953-ல் வெளியிட்டார். வியர்வை சுரக்கும்போது எல்லோருக்கும் உப்பாகத்தான் இருக்கும். அது தோலுக்கு வரும் வழியில் உடம்பு உப்பின் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். வாசல் பழுதானவர்களுக்கு அந்த உப்பு திரும்புவதில்லை. குழந்தைக்கு முத்தமிடும் தாய், ‘என்ன இப்படி உப்புக் கரிக்கிறது?’ என்று சொன்னால், அந்தச் சொல்லை டாக்டரிடமும் சொல்ல வேண்டும்.

1959-ல் கிப்சன், குக் என்ற இருவர் வியர்வைப் பரிசோதனைக்கு முறையான வழி வகுத்தனர். இன்றும் நோயை உறுதி செய்வதற்கு அடிப்படை அதுதான். 1989-ல் பழுதான ஜீனே கண்டுபிடிக்கப்பட்டது. கனடாவின் டொரொண்டோவில் லாப் சீ சுய், ஜான் ரியோர்டன் ஆகியோரும், அமெரிக்காவின் மிச்சிகனில் ஃபிரான்சிஸ் காலின்சும் சேர்ந்து இதைச் சாதித்தனர். 7-ஆவது குரோமோசோமில் உள்ள அந்த ஜீன், 1480 கண்ணிகள் கொண்ட ஒரு புரதத்தைச் செய்கிறது. அதில் 508-ஆவது கண்ணி ஒன்று விட்டுப்போவதே ஐரோப்பிய இனத்தாரிடம் மிகுதியாகக் காணப்படும் பழுது. இதுபோல் அந்த ஜீனில் 2000-க்கும் மேற்பட்ட மாறுதல்கள் இதுவரை கண்டறியப்பட்டுள்ளன.

நுரையீரலில் நடப்பது என்ன?

குழந்தை பிறக்கும்போது நுரையீரல் ஏறக்குறைய நல்ல நிலையில்தான் இருக்கும். கேடு படிப்படியாக வருகிறது.

நல்ல மூச்சுக்குழாயின் உட்புறத்தில் மெல்லிய நீர்ப்படலம் உண்டு. அதன்மேல் சளி மிதக்கும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் ஓயாமல் அசைந்து, சளியையும் அதில் ஒட்டிய தூசி, கிருமிகளையும் தொண்டைக்குத் தள்ளிவிடும். இந்நோயில் நீர்ப்படலம் வற்றிவிடுகிறது. மயிரிழைகளால் கெட்டிச் சளியை நகர்த்த முடிவதில்லை. தேங்கிய சளியில் கிருமி குடியேறுகிறது.

கிருமியை எதிர்க்க இரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் படையெடுத்து வருகின்றன. அவை அங்கேயே மடிந்து உடையும்போது, அவற்றின் உள்ளிருக்கும் டி.என்.ஏ. இழைகள் சளியோடு கலந்து அதை இன்னும் பசையாக்குகின்றன. வெள்ளணுக்கள் வெளியிடும் பொருள்கள் மூச்சுக்குழாயின் சுவரையும் அரிக்கின்றன. அடைப்பினால் கிருமி, கிருமியினால் அழற்சி, அழற்சியினால் மேலும் அடைப்பு என்று வட்டிக்கு வட்டி ஏறுவது போல் இது ஏறிக்கொண்டே போகிறது. நாளடைவில் மூச்சுக்குழாய்கள் தளர்ந்து பைபோல் விரிந்துவிடுகின்றன. அப்படி விரிந்தது மீண்டும் பழைய நிலைக்கு வராது. ஆகவே வட்டி ஏறுமுன் கடனை அடைப்பதுபோல், கேடு ஏறுமுன் சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.

சிறு வயதில் ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகள் முதலில் வரும். பிறகு சூடோமோனாஸ் என்ற கிருமி வரும். ஈரமான இடங்களில், தொட்டியில், சாக்கடை வாயில் வாழ்வது அது. நுரையீரலில் நிலைத்துவிட்டால் தன்னைச் சுற்றி வழவழப்பான உறை கட்டிக்கொண்டு மருந்துக்கு எளிதில் மசியாது. எனவே முதன்முதல் தென்பட்ட உடனே மருந்து கொடுத்து விரட்டிவிட டாக்டர்கள் முயல்கிறார்கள்.

வெங்காய வியாபாரிகள் அறிய வேண்டிய ஒரு கிருமியும் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் வெங்காயம் அழுகிப் போவதற்குக் காரணமான ஒரு கிருமியை வால்டர் பர்க்ஹோல்டர் என்ற பயிர்நோய் அறிஞர் 1950-ல் விவரித்தார். வெங்காயத்திற்கான லத்தீன் சொல்லை வைத்து அதற்கு ‘செபேசியா’ என்று பெயரிட்டார். மண்ணிலும் அழுகலிலும் வாழும் இந்த வகைக் கிருமிகள் நல்ல உடம்புக்காரர்களை ஒன்றும் செய்வதில்லை. இந்நோயாளிகளின் நுரையீரலில் புகுந்தால் ஆபத்து. ஒரு நோயாளியிடமிருந்து இன்னொரு நோயாளிக்குப் பரவும் என்று தெரிந்த பிறகு, மேலைநாடுகளில் இக்குழந்தைகளுக்காக நடந்த கோடை முகாம்களே 1990-களில் நிறுத்தப்பட்டன. ஒரே நோயுள்ள இருவர் அருகருகே உட்காரக் கூடாது, ஆறடியாவது தள்ளியிருக்க வேண்டும் என்பது இன்றும் விதி.

எப்போது சந்தேகிக்க வேண்டும்?

நம் நாட்டில் இந்நோயே இல்லை என்று ஒரு காலத்தில் மருத்துவர்கள் நினைத்தனர். அது சரியன்று என்று பின்னர் தெரிந்தது. ஆனால் விடாத இருமல் என்றால் ஆஸ்துமா, எடை கூடவில்லை என்றால் பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்று முடிவு கட்டி, ஆறு மாதம் மாத்திரை கொடுத்துப் பார்ப்பது இன்னும் நடக்கிறது. காசநோய் நம் ஊரில் மிகுதி என்பதால் டாக்டர்கள் முதலில் அதை நினைப்பதில் தவறில்லை. முறையாகச் சிகிச்சை கொடுத்தும் குணமாகவில்லை என்றால் வேறு நோயா என்று பார்க்கத்தான் வேண்டும். கீழ்க்கண்டவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் குழந்தை நல மருத்துவரிடம் இந்நோயின் பெயரைச் சொல்லியே கேட்கலாம்.

1. சளியோடு கூடிய இருமல் மாதக்கணக்கில் நீடிப்பது. நிமோனியா திரும்பத் திரும்ப வருவது.
2. நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறாமை. மலம் எண்ணெய்ப் பசையோடும் கடும் நாற்றத்தோடும் அதிகமாகப் போவது.
3. தோல் உப்புக் கரிப்பது. வெயில் காலத்தில் குழந்தை சட்டென்று துவண்டு போவது.
4. பிறந்தவுடன் குடல் அடைப்புக்காக ஆபரேஷன் செய்யப்பட்டிருப்பது.
5. விரல் நுனி உருண்டு பருத்திருப்பது. மூக்கில் சதை வளர்வது.
6. குடும்பத்தில் முன்பு ஒரு குழந்தை இதே போல் இருமியோ, காரணம் தெரியாமலோ இறந்திருப்பது.

வியர்வைப் பரிசோதனையில் ஊசி குத்துவதில்லை. கையில் மருந்து வைத்து, மிக மெல்லிய மின்சாரம் செலுத்தி, வியர்வையை வரவழைத்துச் சேகரிப்பார்கள். அதில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் இருப்பதாகக் கொள்ளலாம். 30-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் இல்லை. இடைப்பட்டால் திரும்பவும் பார்க்க வேண்டும். ஜீன் பரிசோதனையும் உண்டு. இந்தப் பரிசோதனைகள் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. வேலூர் சி.எம்.சி., டில்லி எய்ம்ஸ் போன்ற பெரிய மருத்துவமனைகளில் உண்டு. விலை உயர்ந்த வெளிநாட்டுக் கருவிக்குப் பதிலாக, உள்நாட்டிலேயே வியர்வை சேகரிக்கும் முறையை எய்ம்ஸ் மருத்துவர்கள் வகுத்து 2002-ல் வெளியிட்டனர்.

ஒன்றை மறக்கக் கூடாது. இதைப் படித்துவிட்டு, டாக்டரைக் கேட்காமல் நடந்துகொண்டிருக்கும் காசநோய் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

அன்றாட சிகிச்சை

தினமும் காலையில் கடை திறந்து, சாயங்காலம் கணக்கு முடிப்பதுபோல் இச்சிகிச்சையும் ஒரு நாள் தவறாமல் நடக்க வேண்டியது.

சளியை வெளியேற்றுவது முதல் வேலை. குழந்தையை ஏற்ற கோணங்களில் படுக்க வைத்து, கையைக் குவித்து முதுகிலும் விலாவிலும் தட்டுவார்கள். வளர்ந்தவர்களுக்கு மூச்சை ஆழ இழுத்து, நிறுத்தி, ஊதித் தள்ளும் பயிற்சிகள் உண்டு. எதிர்ப்பழுத்தம் தரும் சிறு ஊதுகருவிகளும் உண்டு. பிசியோதெரபி நிபுணரிடம் ஒருமுறை முறையாகக் கற்றுக்கொண்டால் வீட்டாரே செய்யலாம். ஓட்டம், நீச்சல், சைக்கிள் எல்லாம் மிக நல்லது. இருமலை அடக்கும் சிரப்பை நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. இந்நோயில் இருமல்தான் நுரையீரலைத் துப்புரவு செய்கிறது.

அடுத்தது சளியை இளக்குவது. ஆஸ்திரேலியாவில் கடல் அலையில் சறுக்கி விளையாடும் நோயாளிகளுக்கு மூச்சு இலகுவாக இருப்பதை மருத்துவர்கள் கவனித்தனர். உப்புக் காற்றும் உப்பு நீரும்தான் காரணமோ என்று ஆராய்ந்தார்கள். 7 சதவீத உப்பு நீரை நெபுலைசரில் வைத்து உள்ளிழுத்தால் சளி இளகுகிறது, நோய் முற்றும் தடவைகள் குறைகின்றன என்று 2006-ல் ஆய்வுகள் வெளியாயின. உப்பு விற்பவர்களாகிய நமக்கு ஓர் எச்சரிக்கை: வீட்டு உப்பைக் கரைத்து இதைச் செய்யவே கூடாது. கிருமி நீக்கிய மருந்துக் கரைசல்தான் வேண்டும். முதல் தடவை டாக்டர் முன்னிலையில், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகே செலுத்த வேண்டும். சளியிலுள்ள டி.என்.ஏ. இழைகளை நறுக்கிவிடும் டார்னேஸ் ஆல்ஃபா என்ற மருந்தும் 1993 முதல் உள்ளது. பலன் நன்று, விலைதான் அதிகம்.

மூன்றாவது கிருமியை அடக்குவது. அவ்வப்போது சளியைக் கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பி, எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துத்தான் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். டோப்ராமைசின் போன்ற மருந்துகளை நெபுலைசர் வழியாக நேரே நுரையீரலுக்கே அனுப்பலாம். சூடோமோனாஸ் நிலைத்துவிட்டவர்களுக்கு வாரம் மூன்று நாள் அசித்ரோமைசின் மாத்திரை கொடுப்பதும் உண்டு. நோய் தீவிரமானால் இரண்டு வாரம் ஊசி மருந்து தேவைப்படும். மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி நாமே ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும்.

நெபுலைசரின் கிண்ணத்தையும் முகமூடியையும் ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிநீரில் 5 நிமிடம் வைத்து (கொதிக்க வைக்கத் தகுந்த பாகங்களை மட்டும்), நன்றாக உலர்த்த வேண்டும். ஈரத்தோடு மூடி வைத்தால் நாமே கிருமியை வளர்த்துக் கொடுத்ததாகும்.

சாப்பாடும் சிகிச்சைதான். எடை குறைந்தால் நுரையீரலும் சீக்கிரம் கெடும். கணைய நொதி மாத்திரையை ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டோடு கொடுத்து, நெய், எண்ணெய், முட்டை, வேர்க்கடலை, பால் என்று தாராளமாகச் சாப்பிடச் செய்ய வேண்டும். கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் தேவை. நம் ஊர் வெயிலில் உப்பு இழப்பு அதிகம் என்பதால், டாக்டர் சொல்லும் அளவு உப்பைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். வீட்டில் பெரியவர்களுக்கு இரத்த அழுத்தம் என்று எல்லோருக்கும் உப்பைக் குறைத்துவிட்டால் இக்குழந்தைக்குக் கெடுதி. வளர்ந்த பிறகு சிலருக்குச் சர்க்கரை நோயும் வரும்.

வீட்டில் பீடி, சிகரெட் புகை அறவே கூடாது. இக்குழந்தையை மிளகாய் மண்டியிலோ பழைய சரக்கு அடைந்த குடோனிலோ உட்கார வைக்கக் கூடாது. நுரையீரல் முற்றிலும் கெட்டவர்களுக்குக் கடைசி வழியாக மாற்று நுரையீரல் பொருத்தும் அறுவை சிகிச்சை உண்டு.

புது மாத்திரைகளும் அவற்றின் விலையும்

மேலே சொன்னவை எல்லாம் பழுதின் விளைவைச் சமாளிப்பவை. பழுதான வாசலையே சீர்ப்படுத்தும் மாத்திரைகள் 2012 முதல் வரத் தொடங்கின. முதலில் வந்த ஐவாகாஃப்டர், சில குறிப்பிட்ட ஜீன் மாறுதல் உள்ளவர்களுக்கு மட்டுமே பயன்பட்டது. 2019 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மூன்று மருந்துக் கூட்டு மாத்திரை பெரிய மாறுதலைக் கொண்டுவந்தது. 508-ஆவது கண்ணி பழுதுள்ளவர்களுக்கு மூச்சு பலம் நன்றாகக் கூடியது, ஆஸ்பத்திரிப் படுக்கை குறைந்தது. 1950-களில் பள்ளி செல்லும் வயதைக் காண்பதே அரிதாக இருந்த நோயில், இன்று அமெரிக்காவில் பிறக்கும் குழந்தைகளின் எதிர்பார்ப்பு ஆயுள் 50-ஐத் தாண்டிவிட்டது.

இதற்குப் பின்னால் உள்ள வரவு செலவும் நமக்குப் பாடம்தான். 1955-ல் அமெரிக்கப் பெற்றோர்கள் சேர்ந்து தொடங்கிய அறக்கட்டளை, நன்கொடைப் பணத்தில் சுமார் 15 கோடி டாலரை இம்மருந்து ஆராய்ச்சிக்காகக் கம்பெனிக்குக் கொடுத்தது. 2014-ல் தனக்கு வரவேண்டிய பங்கு உரிமையை 330 கோடி டாலருக்கு விற்றது. சங்கம் கூடினால் என்ன செய்யலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால் மூன்று மருந்துக் கூட்டு மாத்திரைக்கு கம்பெனி வைத்த விலை, ஒருவருக்கு ஓர் ஆண்டுக்கு 3,11,000 டாலர். அன்றைய மதிப்பில் 2 கோடி ரூபாய்க்கும் மேல். தயாரிப்புச் செலவோடு நியாயமான லாபமும் சேர்த்து 5,676 டாலருக்குக் கொடுக்க முடியும் என்று சில ஆய்வாளர்கள் 2022-ல் கணக்கிட்டுக் காட்டினர். கொள்முதலுக்கும் விற்பனைக்கும் இவ்வளவு இடைவெளி நம் கடைத்தெருவில் எந்தச் சரக்கிலும் இல்லை. ஆராய்ச்சிக்குச் செலவிட்ட பணமும் தோற்றுப்போன மருந்துகளின் நட்டமும் உண்டு என்பது கம்பெனிகளின் வாதம். காப்புரிமைத் தடை இல்லாத அர்ஜென்டினாவில் உள்நாட்டுக் கம்பெனி இதைக் குறைந்த விலையில் தயாரிக்கிறது. 2023-ல் இந்தியா, தென்னாப்பிரிக்கா, பிரேசில், உக்ரைன் நாடுகளின் நோயாளிக் குடும்பத்தார் காப்புரிமையைத் தளர்த்தக் கோரினர்.

இன்னொரு விஷயம். இந்தியர்களிடம் 508-ஆவது கண்ணி பழுது ஐரோப்பியர்களைவிடக் குறைவு. புரதமே உருவாகாத வகைப் பழுதுள்ளவர்களுக்கு இம்மாத்திரை பயன்படாது. எனவே ஜீன் பரிசோதனை செய்யாமல் கடன் வாங்கி மருந்து வரவழைக்கக் கூடாது. மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையில் இந்நோய்க்கான மருந்துகளும் இடம்பெற்றுள்ளன. அதன்படி சிறப்பு மையங்கள் வழியாகத் தரும் உதவியின் உச்சவரம்பு 2022-ல் 50 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. தகுதி உண்டா என்று டாக்டர் மூலம் விசாரிக்கலாம்.

சொந்தத்தில் சம்பந்தம்

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்தால்தான் குழந்தைக்கு நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் நோயில்லை. ஆனால் அடுத்த தலைமுறைக்குக் கொண்டு செல்லலாம். இருவருமே அப்படிச் சுமப்பவர்களானால், ஒவ்வொரு பிரசவத்திலும் நோயுள்ள குழந்தை பிறக்க 4-ல் 1 வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராது என்று கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு முறையும் அதே 4-ல் 1தான்.

நம் வணிகக் குடும்பங்களில் சொந்தம் விட்டுப் போகக் கூடாது, சொத்து வெளியே போகக் கூடாது என்று மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சம்பந்தம் செய்வது வழக்கம். அத்தை மகன், மாமன் மகளுக்கு ஜீன்களில் எட்டில் ஒரு பங்கு பொது. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் நாலில் ஒரு பங்கு பொது. அதனால் ஒரே பழுது இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. வெளியில் மணம் முடித்தவர்களுக்கு வரவே வராது என்பதும் இல்லை. எவ்வாறாயினும், நோய் கண்ட குடும்பத்தில் அடுத்த சம்பந்தம் பேசுமுன் ஜீன் ஆலோசனை பெறுவது விவேகம். பெற்றோரின் ஜீன் பழுது இன்னதென்று தெரிந்திருந்தால், அடுத்த கர்ப்பத்தின் மூன்றாவது மாதத்திலேயே பரிசோதித்து அறிய முடியும்.

குழந்தை இளைத்தால் பால் சரியில்லை, வளர்ப்பு சரியில்லை, ராசியில்லாத மருமகள் என்று தாயைப் பழிப்பதும், அவளை வீட்டுக்கு அனுப்புவதும் நம்மிடையே நடக்கிறது. பாதிப் பழுது தந்தை வழி வந்தது என்பதைப் பேரேட்டில் எழுதி வைத்ததுபோல் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டிலோ, கடையில் வேலை செய்யும் பையன்களின் குடும்பத்திலோ, தெருவிலோ விடாமல் இருமி இளைக்கும் குழந்தை இருந்தால், ‘வியர்வைப் பரிசோதனை செய்து பார்த்தீர்களா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஒரு கேள்வி, காரணம் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் அலையும் ஒரு குடும்பத்தைச் சரியான டாக்டரிடம் கொண்டு சேர்க்கலாம்.